கொங்கு நாட்டில் நாய்களுக்கான மூலிகை மருத்துவம்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் கால்நடைகளுக்கு மூலிகை மருந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் அது பெரும்பாலும் உழவு மாட்டுக்கான மருத்துவம். நாய்க்கெனத் தனியான முறை அதில் வளரவில்லை. நாயின் தீராத சொறிக்கும் வலிப்புக்கும் இன்று மூலிகை தேடுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பழைய நூல்களின் பெயர்களே இதைக் காட்டும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் ஓலைச்சுவடியிலிருந்து அச்சிட்ட நூல்களில் ஒன்று மாட்டு வாகடம். குதிரைக்கும் யானைக்கும்கூடத் தனி நூல்கள் உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த காங்கேயம் காளை ஏர் உழுதது, வண்டி இழுத்தது, கிணற்றில் நீர் இறைத்தது. அது படுத்துவிட்டால் குடும்பத்தின் பிழைப்பும் படுத்துவிடும். தோட்டத்துச் சாளையையும் ஆட்டுப்பட்டியையும் காத்த நாய்க்குச் சொறி வந்தால் வேப்பெண்ணெயோ புங்க எண்ணெயோ தடவுவார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

சீனாவிலும் நிலைமை இதுவே. மிங் அரசர் காலத்தில், 1608-இல், யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் தொகுத்த புகழ்பெற்ற கால்நடை மருத்துவ நூல் முதன்மையாகக் குதிரையைப் பற்றியது. நாய்களின் முதுகுத்தண்டு நோய்க்கும் வலிப்புக்கும் அரிப்புக்கும் சீன ஊசிமுறையும் மூலிகையும் பரவலானது மிக அண்மையில், அதிலும் மேலை நாடுகளில்தான். பன்னாட்டுக் கால்நடை அக்குபங்சர் சங்கம் 1974-இல் அமெரிக்காவில் தோன்றியது. புளோரிடாவில் சீ கல்வி நிறுவனம் 1998-இல் தொடங்கப்பட்டது. விளம்பரங்கள் சொல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை குதிரைக்குப் பொருந்தலாம்; வீட்டு நாய்க்குப் பொருந்தாது.

தமிழ்நாட்டில் மாட்டு மருத்துவ மரபு மறுபடி உயிர்பெற்றதற்கு 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. அதன் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி நாட்டு மருந்துகளை அளவு குறித்து முறைப்படுத்தினார். மடிவீக்கத்திற்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற கலவை தேசியப் பால்வள வாரியம் வழியாக நாடெங்கும் சென்றது. கோமாரிப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சித் தடவுவர். 2022-இல் பெரியம்மை எனப்படும் தோல்கழலை நோய் மாடுகளிடையே பரவியபோதும் இத்தகைய மேல்பூச்சே பயன்பட்டது.

இதே எண்ணெயை நாய்க்கும் தடவலாம் என்று நினைப்பது இயல்பு. சிக்கல் பூண்டில் இருக்கிறது. தடவியதை நாய் நக்கும். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அளவு மிகுந்தால் சோகை பிடிக்கும். மேலும் நாயின் சொறி ஒரே நோயன்று: உண்ணி, சிற்றுண்ணி, பூஞ்சை, ஒவ்வாமை என எதுவும் காரணமாகலாம். மயிர்க்கால்களுக்குள் வாழும் சிற்றுண்ணியை மேல்பூச்சு எட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்ய இயலும்.

நரம்பு நோயில் தாமதம் இன்னும் ஆபத்தானது. காய்ச்சல், சளி வந்து தணிந்த சில வாரங்களில் கால் வெட்டி வெட்டி இழுப்பது டிஸ்டெம்பர் நோயில் காணும் அடையாளம். அதன் காரணி ஒரு வைரஸ் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி கரே 1905-இல் காட்டினார். மாடுகளைக் கொன்ற வெக்கை நோயின் வைரசுக்கு அது நெருங்கிய உறவு. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது, ஒழித்தது தடுப்பூசி. டிஸ்டெம்பருக்கும் நம்பத்தக்க காப்பு தடுப்பூசியே. வந்தபின் வைரசை அழிக்கும் மருந்து, மூலிகையிலும் ஆங்கில மருத்துவத்திலும், இன்னும் இல்லை. வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் நாய்க்கு, மூலிகையை நம்பி அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிரைப் பறிக்கலாம்.

வெறிநாய்க்கடியின் கதை கொங்கு நாட்டுக்கு மிக அருகில் திசை மாறியது. 1907-இல் மலைமேல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலும் பச்சிலையையும் மந்திரத்தையும் நம்பியிருந்த கடிபட்டவர்கள், சிகிச்சைக்காக மலையேறத் தொடங்கினார்கள்.