கூதிர்க்காலமும் தறிக்குழியும்

தமிழ் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனவும், மார்கழியும் தையும் முன்பனி எனவும் பெயர் பெறும். உழவர்க்கு இக்காலம் ஏரி நிரம்பி ஆக்கந் தருங் காலமாகும். நெசவு செய்து வாழ்வார்க்கோ இதே மழை கைமுடக்கமும் மனத்தளர்ச்சியுந் தருவதாகும். ஒரே செயலை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்து இளைத்த கை, மழைக்காலத்தில் முற்றும் ஓய்ந்து நிற்பதைக் கண்டோர் அதனைச் சோம்பல் என்று இகழ்தலும் உண்டு. இவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதும், தளர்ந்த தொழிலாளரைச் சைவ நூல்கள் எவ்வாறு நோக்கின என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

சென்னைக்குத் தெற்கே தாம்பரமும் பல்லாவரமும் சூழ்ந்த நிலப்பகுதி அடையாற்றின் கரையை ஒட்டியது. அவ்வாற்றின் அயலிலுள்ள குன்றத்தூரே திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர். அவர் இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133-1150) காலத்தில் அமைச்சராய் விளங்கியவர். சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் வைத்த அன்பினால் தம் ஊரிலும் அப்பெயராலே ஒரு திருக்கோயில் எடுப்பித்தவர். குன்றத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையே அமைந்த அனகாபுத்தூர் நெசவால் அறியப்பட்ட ஊர். 'மதராஸ் கைக்குட்டை' என்னும் வண்ணக் கட்டத்துணி இவ்வூர்த் தறிகளினின்று மேலை ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியா வரை சென்று விலைபோயிற்று. 1970-களில் அந்நாட்டு இறக்குமதி தடைப்பட்டபின் அவ்வாணிகம் நலிந்தது. பின்னர் வாழைநார், சணல் முதலியவற்றைக் கலந்து நெய்யும் முறையை இவ்வூரார் சிலர் மேற்கொண்டனர்.

குழித்தறியின் அமைப்பை அறிந்தார்க்கே மழைக்காலத் துன்பம் விளங்கும். தரையிலே ஒரு குழி தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழியினுள்ளே விட்டு மிதிபலகையை மாறி மாறி மிதிப்பர். மிதிக்குந்தோறும் பாவிழை மேலுங் கீழுமாய்ப் பிரியும். அவ்விடைவெளியிற் கை நாடாவை ஓட்டும். பின்னர் அச்சு ஊடையிழையை நெருக்கும். ஓரங்குலத்திற்கு 60 ஊடையிழை கொண்ட துணியில் ஒரு கெசம் நெய்தற்கு 2,160 முறை நாடா ஓடல் வேண்டும். ஆறு கெசச் சேலைக்கு 12,960 முறை ஓடல் வேண்டும். அத்தனை முறையும் காலும் கையும் கண்ணும் ஒருங்கே தொழிற்படுதல் வேண்டும். இழை ஒன்று அறினும் தொழிலை நிறுத்தி முடிந்து, மீண்டுந் தொடங்க வேண்டும்.

இத்தொழிலுக்கு வெயிலும் உறுதுணையாவது. நெய்தற்கு முன்னே தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, பாவாற்றியால் வாரி உலர்த்துவர். சாயந் தோய்ந்த நூலும் உலர்ந்தாலன்றிப் பயன்படாது. அடைமழைக் காலத்தில் பாவு நீட்டத் தெருவில்லை. கஞ்சியும் சாயமும் உலர வெயிலில்லை. நிலத்தடி ஈரம் ஊறித் தறிக்குழியில் நீர் நிற்கும். கூலியோ நெய்த துணிக்கு ஏற்ப வருவது. நெய்யா நாளுக்குக் கூலியில்லை. எனவே உடம்புக்கு ஓய்வு கிடைப்பினும் உள்ளத்துக்கு ஓய்வில்லை. முதலிற் கவலையும், பின்னர்த் தொழிலில் வெறுப்பும், இறுதியில் வானம் வெளுத்தபோதுங் கை எழாமையும் முறையே வந்து சேரும். குளிர் மிக்க நாடுகளில் இருளும் பனியும் செய்வதை இந்நாட்டில் மழையும் வருவாயின்மையும் செய்கின்றன.

இத்துன்பம் இக்காலத்துக்கே உரியதன்று. 1734-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தி நெசவாளரையும் நூற்போரையும் துணி வெளுப்போரையுங் குடியேற்றினர். அக்காலத்தில் நெசவாளர் முன்பணம் பெற்றுக் குறித்த தவணையிலே துணி கொடுக்கும் முறை வழங்கிற்று. சோழமண்டலக் கரையிலோ துறைமுக அரண் இல்லை; ஆதலின் அக்டோபர்த் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று எழுமுன் கப்பல்கள் கரையை விட்டு நீங்குவது வழக்கம். நீங்காது நின்ற கப்பல்கட்கு நேர்ந்த கேட்டிற்கு, 1746 அக்டோபரிலே பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பற்படை சென்னைக் கரையிற் புயலாற் சிதைந்ததே சான்று. தறியும் ஓய்ந்து, துறையும் ஓய்ந்து, கடன் ஒன்றே ஓயாது நின்ற திங்கள்கள் அவை. அண்மைக் காலத்திலும் 2015 டிசம்பர் முதல் நாளிற் பெய்த பெருமழை தாம்பரத்தில் 24 மணி நேரத்துள் 49 சென்டிமீட்டர் அளவினதாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், அனகாபுத்தூர் முதலிய ஊர்களுட் புகுந்தது. வெள்ளம் புகுந்த இல்லத்தில் முதலில் நிரம்புவது தறிக்குழியே யன்றோ!

இனி, சேக்கிழார் பெருமான் இத்தகைய தளர்ச்சியை எவ்வாறு கண்டார் என்பது நோக்கத்தக்கது. நெசவுக்கு இனமான தொழில் ஆடை வெளுத்தல். காஞ்சியில் ஏகாலியர் குலத்துத் தோன்றிய திருக்குறிப்புத்தொண்ட நாயனார் அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுத்தலையே திருத்தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒருநாள் இறைவர் மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையும் உடைய முதிய அடியார்போல் வந்தனர். கந்தையை வெளுத்துத் தருவதாக நாயனார் வேண்ட, கதிரவன் மறையுமுன் தருவதாயின் கொள்க, தவறின் குளிரால் இவ்வுடம்புக்குக் கேடாம் என்று கூறி அளித்தனர். நாயனார் அழுக்கைப் போக்கிப் புழுக்கித் தோய்த்தனர். அந்நேரத்தே மழை பிடித்தது. விடுமென்று காத்து நின்றார்; விடவில்லை. மாலை நெருங்கியது. குளிரால் நடுங்கும் அடியவர்க்குத் தம்மால் தீங்கு நேர்ந்ததென்று உளமுடைந்து, துணி துவைக்குங் கற்பாறையிலே தம் தலையை மோதினார். அப்பாறையின் அயலே எழுந்த இறைவர் திருக்கை அவரைப் பற்றிக்கொண்டது.

இவ்வரலாற்றை அடியார் அன்பின் உறைப்புக்கு எடுத்துக்காட்டாக ஓதுதல் மரபு. அதனோடு மற்றொன்றும் இதில் உளது. நாயனார் தம் கையாற் செய்யவேண்டுவன யாவுஞ் செய்து முடித்தனர். எஞ்சியது உலர்த்தல் ஒன்றே. அது கதிரவன் தொழில். தம்முடையதல்லாத அப்பகுதிக்கும் தாமே பொறுப்பென்று கருதியதனாலும், தவணை ஒன்று குறிக்கப்பட்டதனாலும் அவர் உள்ளம் முறிந்தது. தவணைக்குத் துணி நெய்யும் தொழிலாளர் ஐப்பசி கார்த்திகையில் அடையுந் துயரும் இவ்வியல்பினதே. நாயனாரின் தளர்ச்சியைப் புராணம் குற்றமாகக் கூறவில்லை. ஆடை உலர்ந்ததா என்று இறைவர் வினவினாரும் அல்லர். மோதிய தலையைத் தாங்கவே திருக்கை நீட்டினார். ஐப்பசி மழை பெய்யும் தொண்டைநாட்டிற் பிறந்த புலவர் பெருமான், மழை நாளில் தொழிலாளர் படுந் துயரைக் கண்டறிந்தே இதனைப் பாடினர் போலும்.

சித்தாந்த நூல்களும் இதற்கு மாறல்ல. சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தில் உயிர் ஐந்து அவத்தைப்படும் என்று தெரிக்கின்றது. நனவிலே 35 கருவிகளோடு தொழிற்படும் உயிர், கனவில் 25, உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படங்கலில் 1 எனக் கருவிகளைப் படிப்படியே விட்டு ஒடுங்குகின்றது. கருவிகள் இடையறாது தொழிற்படல் உயிர்க்கு இயல்பன்று என்பது இதனாற் பெறப்படும். இறைவன் ஐந்தொழிலுள் அழித்தலைக் கூறுமிடத்தும், பிறந்து இறந்து இளைத்த உயிர்களின் இளைப்பைப் போக்குதற் பொருட்டே அது நிகழ்வதென்று சிவஞான சித்தியார் விளக்குகின்றது. உலகனைத்தையும் ஒடுக்குதலே உயிர்கட்கு இளைப்பாற்றுதலாயின், இளைத்தார்க்கு ஓய்வளித்தல் இறைவன் திருவருட் செயலின் சாயலேயாம். மடி என்பது வேறு; இளைப்பு என்பது வேறு. மடியாவது செய்யக்கூடியதைச் செய்யாமை. இளைப்பாவது செய்து செய்து கருவி ஓய்தல். முன்னதற்கு மருந்து முயற்சி. பின்னதற்கு மருந்து ஓய்வும் ஆதரவும். இரண்டையும் ஒன்றென மயங்கி, இளைத்தார்மேல் முயற்சியை ஏவுதல் புண்ணில் புளி இடுவதை ஒக்கும்.

முன்னோர் இவ்விளைப்பைப் போக்க வகுத்தவற்றுள் ஒன்று திருவிழா. திருஞானசம்பந்த சுவாமிகள் திருமயிலையிற் பூம்பாவையை எழுப்பப் பாடிய திருப்பதிகத்தில் கபாலீச்சரத்து விழாக்கள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. அடியார்க்கு அமுது செய்வித்தலை முதலிற் கூறி, பின்னர் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்று அப்பதிகம் செல்லும். மழையும் பனியும் தொழிலை முடக்கும் நான்கு திங்களுக்கும் திங்களுக்கு ஒன்றாக விழா அமைந்திருத்தலும், அவற்றிற்கெல்லாம் முன்னே உணவளித்தல் நிற்றலும் கருதத்தக்கன. கை ஓய்ந்திருக்கும் நாளில் கண்ணுக்கு ஒளியும், செவிக்கு இசையும், வயிற்றுக்குச் சோறும், தனித்திருப்பார்க்குக் கூட்டமும் அவ்விழாக்களாற் கிடைத்தன. மார்கழி வைகறையில் திருவெம்பாவை ஓதித் தெருச் சூழ்தலும், துயிலெழ விரும்பாத தளர்ந்த உள்ளத்தைக் கடுஞ்சொல்லாலன்றிப் பாட்டால் எழுப்பும் வழக்கமாகும்.

மற்றொன்று தொழிலையே தவமாக்கிக் கொள்ளுதல். காம்பீலி நகரத்து நேச நாயனார் நெசவுத் தொழிலர். அவர் மனத்தைச் சிவபெருமான் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கையை அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தற்கும் ஆக்கினர் என்று புராணங் கூறும். ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யுங்கால் கை தானே இயங்க, மனம் வெறுமையிற் சென்று கவலையிற் படிவது இயல்பு. அவ்வெறுமையை நாயனார் திருநாமத்தால் நிரப்பினர். நாடா ஓடுந்தோறும் ஓரெழுத்தாக, தறியின் ஓசையே செபத்துக்குத் தாளமாயமைதல் கூடும். எண்ணிறந்த முறை செய்தல் சலிப்புக்கு ஏதுவாவது போலவே, எண்ணிறந்த முறை செபித்தல் சலிப்பு நீக்கத்துக்கு ஏதுவாதல் அறியத்தக்கது.

ஆயினும் நேசர் நெறியைக் காட்டித் தொழிலாளரைப் பசியோடு பொறுத்திருக்கச் சொல்லுதல் நெறியன்று. திருவொற்றியூரிற் செக்குத் தொழிற் குலத்துக் கலிய நாயனார் செல்வம் ஒழிந்தபின் கூலிக்குச் செக்காடியும் திருவிளக்குப் பணி செய்தார். அக்கூலியுங் கிட்டாதொழிய, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே நிரப்பத் துணிந்தார். ஆண்டும் இறைவர் திருக்கை தடுத்தது. அன்பிற் குறைவிலாத அடியாரும் கூலியின்மையால் உயிர் விடும் எல்லைக்குச் செல்வர் என்பதைச் சேக்கிழார் மறைத்திலர். 2019-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் தொழிற்சோர்வை நோயென்னாது, தீர்க்கப்படாது நீடித்த பணி நெருக்கடியின் விளைவென்று வகுத்தது. ஆகவே, சோர்ந்தார் உள்ளத்தைத் திருத்த முயல்வதோடு நெருக்கடியையும் குறைத்தல் வேண்டும் என்பது போதரும்.

அதற்கான முயற்சிகளும் இந்நாட்டில் நிகழ்ந்துள்ளன. 1935-இல் தோன்றிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பின்னாளிற் கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது, தனிப்பட்ட நெசவாளர் விற்கமாட்டாது தவித்த துணிக்குச் சந்தை தேடிற்று. 1983-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம், பொங்கலுக்கு ஏழையர்க்கு உடை அளிப்பதோடு தறிகளுக்குத் தொடர்ந்து வேலை அளிப்பதையும் நோக்கமாகக் கொண்டது. இவை அரசும் சங்கமும் செய்வன. அடியார் கூட்டம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. திருக்கோயிலுக்குப் பரிவட்டமும் அடியார்க்கு உடையும் வேண்டுவோர், அவற்றிற்கான பணத்தை ஐப்பசிக்கு முன்னரே கொடுத்து, துணியைத் தை பிறந்தபின் பெற்றுக்கொள்ளலாம். தவணையை நெகிழ்த்துதல் செலவில்லாத அறம். மழை நின்று பாவு உலருங்காறும் பொறுத்திருப்பாரே, காஞ்சியிற் பாறையின் அயலே நீண்ட திருக்கையின் குறிப்பை உணர்ந்தாராவர்.