டயர் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும், காசுக்கேற்ற டயர் எது என்று இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மெக்கானிக் இல்லை. முதலில் மொபெட்டிலும் பிறகு 100 சிசி வண்டியிலும் 30 வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போய் வந்தவன், அவ்வளவுதான். பணி ஓய்வுக்குப் பிறகு எதை எடுத்தாலும் ஆதியிலிருந்து படிக்கும் பழக்கம் வேறு வந்துவிட்டது. அதனால் பதில் நீளும். ஆனால் டயரின் வரலாறு தெரிந்தவனைக் கடைக்காரர் சுலபத்தில் ஏமாற்ற முடியாது என்பது என் எண்ணம்.

ரப்பர் பால் ஆதியில் பெரிய தொல்லை. வெயிலில் பிசுபிசுவென்று உருகும், குளிரில் ஓடு மாதிரி வெடிக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் வருடக்கணக்காக அதோடு மல்லுக்கட்டி, 1839-இல் கந்தகம் கலந்து சூடேற்றினால் ரப்பர் உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். 1844-இல் காப்புரிமையும் வாங்கினார். வழக்குக்கும் கடனுக்குமே வாழ்நாள் சரியாகப் போய், 1860-இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனி 1898-இல்தான் தொடங்கியது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் மட்டும் அவருடையது!

இந்தக் கந்தகக் கதை உங்களுக்கு எதற்கு என்றால், ரப்பரைக் கெட்டியாக்கும் வேலை தொழிற்சாலையோடு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து, சும்மா நிற்கிற வண்டியிலும் டயரை மெதுவாக இறுக வைத்துக்கொண்டே இருக்கின்றன. என் அக்கா மகன் மூன்று வருடத்துக்கு முன் மேலூர் சாலையில் முதல் தூறலில் போய்க்கொண்டிருந்தான். ஆடு குறுக்கே வந்ததென்று பிரேக் பிடித்தான், முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். காறை எலும்பு முறிவு, இரண்டு மாதம் வேலை இல்லை. டயரில் பட்டன் புதுசு போலவே இருந்தது. அதிகம் ஓடாத வண்டி. ஆனால் டயருக்கு வயது ஒன்பது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி இருந்தது.

அந்த வயதை எப்படிக் கண்டேன்? டயரின் பக்கச் சுவரில் சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், விலையை அல்ல. ஒரு கடையில் "புது ஸ்டாக் சார்" என்று எனக்கு எடுத்துக் கொடுத்த டயர் நான்கு வருடம் பரணில் இருந்தது. எண்ணைக் காட்டியதும் பேசாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

அடுத்து காற்று. காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-இல். அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை, குதிரை வண்டிதான். ஊர் அதை மறந்துவிட்டது. 40 வருடம் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியர், அதாவது கால்நடை மருத்துவர், ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஓடுவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் காப்புரிமை கிடைத்தது. பழைய தாம்சன் காப்புரிமை வெளிப்பட்டதால் பிறகு அது செல்லாமல் போயிற்று. ஆனாலும் உலகம் டன்லப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

அந்த இரண்டு பேரும் கண்டதன் சாரம் ஒன்றே: பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் எவ்வளவு விலை கொடுத்த டயரும் ஓரம் தேய்ந்து, சூடாகி, சீக்கிரம் போகும். உங்கள் வண்டியின் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. பெட்ரோல் பங்க் பையன் சொல்வது கணக்கில்லை. வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

டயர் ஏன் கருப்பு என்று ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஆரம்பகால டயர்கள் வெளுப்பாகத்தான் இருந்தன. 1898-இல் பிறந்த மிஷ்லின் கம்பெனியின் டயர் பொம்மை மனிதன் வெள்ளையாக இருப்பது அதனால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரோடு கரித்தூள் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆக, கருப்பு அழகுக்கு அடித்த சாயம் அல்ல, ஆயுள். டயருக்குப் பாலிஷ் அடித்துப் பளபளக்க வைத்து விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி சொல்லப்போவதற்கும் டயர் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்காரன். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது, அடுத்து சிங்கப்பூர், மலேயா. மோட்டார் வண்டி பெருகப் பெருக மலேயாவில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. பால் வெட்ட ஆள் வேண்டுமே? கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களில் என் தாத்தாவின் தம்பியும் ஒருவர். விடிவதற்கு முன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடி, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். இதை எழுதிய ஒரு கடிதம் எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. உலகத்து ரப்பரின் பெரும்பகுதி ஒரே அடியில் கைமாறியது. அமெரிக்காவில் அந்த ஜனவரியிலேயே டயருக்கு ரேஷன் போட்டுவிட்டார்கள். டயர் தேயக் கூடாதென்று மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டத் தடையும் வந்தது. செயற்கை ரப்பரை அவசர அவசரமாகப் பெருக்கினார்கள். இன்று உங்கள் டயரில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கிறதே, அந்தக் கலவை பரவியதில் போருக்குப் பெரிய பங்கு உண்டு. மலேயாத் தோட்டங்களில் வேலை நின்றது. பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. திரும்பாதவர்கள் எண்ணற்றோர். தாத்தாவின் தம்பியிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

நம் பக்கம் வருவோம். இந்தியாவில் டன்லப் 1936-இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அம்பத்தூரிலும் வந்தது. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் பழைய டயருக்குப் புதுப் பட்டன் போடும் ரப்பருக்கு மாறினார், அறுபதுகளில் டயரே செய்தார். அதுதான் எம்ஆர்எஃப். அதே திருவொற்றியூரில்தான் என்ஃபீல்டு புல்லட்டும் செய்தார்கள். நம் மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா 1982-இல் தொடங்கிய கம்பெனி. நம் மேலூர் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குச் சோறு போட்ட இடம். ஆக, இருசக்கர வண்டி டயருக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. நாம் ஓட்டும் 100, 125 சிசி வண்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, ஊரறிந்த உள்ளூர்க் கம்பெனி டயர் எதுவும் போதும் என்பது என் தீர்ப்பு. பெயர் தெரியாத டயர், ரீட்ரெட் டயர் இரண்டும் இருசக்கரத்துக்கு வேண்டாம். லாரிக்குப் பின்னால் ஒரே பக்கம் இரண்டு டயர் உண்டு. நமக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இப்போது பக்கச் சுவர் எழுத்துக்கு வருகிறேன். கடைசி பெஞ்சும் கவனிக்கவும்.

2.75-18 என்றால் 2.75 அங்குல அகலம், 18 அங்குல ரிம். பழைய ஆங்கிலேய அளவு. அந்தக் காலத்தில் டயரின் உயரமும் ஏறக்குறைய அகலமும் ஒன்றே என்பதால் உயரத்தைத் தனியாக எழுதவில்லை. புது முறையில் 80/100-18 என்பார்கள்: 80 மில்லிமீட்டர் அகலம், அகலத்தில் நூற்றுக்கு நூறு உயரம், ரிம் மட்டும் இன்னும் அங்குலத்தில். உலகமே மெட்ரிக்குக்கு மாறினாலும் ரிம் மாறாது போலிருக்கிறது.

தமாஷ் இனிமேல்தான். ட்யூப் டயர் போட்ட ஸ்ப்ளெண்டர் வண்டியில் முன்னும் பின்னும் 2.75-18 தான். ஆனால் முன்னால் 4PR 42P, பின்னால் 6PR 48P. ஆங்கில எழுத்தைத் தமிழில் சொன்னால் 'பிஆர்' என்பது ப்ளை ரேட்டிங். டயருக்குள் பருத்தித் துணி அடுக்கிய காலத்தில் எத்தனை அடுக்கு என்பதன் எண்ணிக்கை அது. நைலான் வந்த பிறகு அத்தனை அடுக்கு தேவையில்லை, பெயர் மட்டும் பலத்தின் அளவாகத் தங்கிவிட்டது. 42 என்றால் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. கடைசியில் உள்ள 'பி' மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. நம் சாலையில் நம் வண்டிக்கு அதுவே தாராளம். அதற்கு மேல் வேகக் குறியீட்டுக்குக் காசு கொடுப்பது வீண்.

தினமும் பால் கேன் கட்டிக்கொண்டு 70 கிலோமீட்டர் போகும் என் மாணவன் ஒருவன், "சைஸ் ஒண்ணுதானே சார், முன் டயரையே பின்னாலயும் போட்டா கொஞ்சம் கம்மியா முடியுது" என்றான். தம்பி, சைஸ் ஒன்றுதான், தாங்கும் பாரம் ஒன்றில்லை. நீ, இரண்டு கேன், திரும்பும்போது தீவன மூட்டை, எல்லாம் பின் டயர் தலையில்தான் ஏறுகிறது.

விலையை எப்படி ஒப்பிடுவது? கணக்குக்காகச் சொல்கிறேன்: 1,500 ரூபாய் டயர் 15,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 1,900 ரூபாய் டயர் 25,000 ஓடினால் 7.6 பைசா. பால் வண்டிக்கு 25,000 என்பது ஒரு வருட ஓட்டம். விலை கூடிய டயரில் வருடத்துக்கு 600 ரூபாய் மிச்சம். ஆனால் இந்தக் கணக்கை முன் டயருக்குப் போடாதீர்கள். அதிகம் உழைக்கிற டயர் பெரும்பாலும் கெட்டியான ரப்பர். ஈரத்தில் பிடிப்புக் கொஞ்சம் குறையும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கு. அது மெதுவாகத்தான் தேயும், ஆகவே அங்கே பிடிப்புக்குக் காசு கொடுங்கள். பின்னால் உழைப்புக்குக் காசு கொடுங்கள். தேய்ந்த பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதைவிட மோசமான சிக்கனம் எனக்குத் தெரியாது.

பள்ளத்தில் கோடு கோடாகச் சிறு மேடுகள் இருக்கும். பக்கச் சுவரில் TWI என்று ஆங்கிலத்தில், அல்லது ஒரு முக்கோணம், அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. மொட்டையாகும் வரை காத்திருக்க வேண்டாம். பார்வைக்காக அகலம் கூடிய டயர் கேட்கும் இளவட்டங்களுக்கு: ரிம்முக்குப் பொருந்தாது, செயினில் உரசும், மைலேஜ் குறையும். ஸ்போக்ஸ் வீல் என்றால் ட்யூப் டயர்தான், டயரோடு ட்யூபையும் புதிதாகப் போடுங்கள். சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசைக்கு அது இருக்க வேண்டும், மாட்டி முடித்ததும் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பு போகும் வரை, முதல் 100, 150 கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.

பால் வண்டித் தம்பிக்குத் தனியாக: பின்னால் 48, முன்னால் 42, நான்கு இலக்கம் இந்த வருடத்ததாக இருக்கட்டும். பில் கேட்டு வாங்கிக்கொள், பில் இல்லாமல் வாரண்டி கிடையாது.