கேம் மட்டும் ஓட மாட்டேங்குதுண்ணே

386, 486 காலத்துக் கேபினட்டின் முகப்பில் பவர், ரீசெட் இரண்டுக்கும் பக்கத்தில் ‘டர்போ’ என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மிஷின் பறக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அதை வைத்தது வேகத்தைக் குறைப்பதற்காக. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துக் கேம்கள் பலவும் புராசஸரின் ஓட்டத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டு ஓடின. அவற்றை 33 மெகாஹெர்ட்ஸ் மிஷினில் போட்டால் பொம்மை கண்மூடித் திறப்பதற்குள் சுவரில் முட்டிச் செத்துப்போகும். அதனால் மிஷினை வேண்டுமென்றே மந்தமாக்க ஒரு வழி வைத்து, விற்பனைக்காக அதற்கு டர்போ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறிக்கொண்டிருந்த நேரம். ரெமிங்டனுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் கேபினட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பகலெல்லாம் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பியதும் டூம் கேம். ஒரு சென்டரில் ஒன்றுபோல வாங்கிய இரண்டு 486-இல் ஒன்றில் டூம் ஓடும். மற்றதில் படம் படமாக நகரும். இரண்டின் முகப்பிலும் 66 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் மிஷின்மேல் சந்தேகம் வரவில்லை. அந்த எண் எதையும் அளந்து காட்டுவதில்லை என்பது உள்ளே பார்த்தவனுக்குத்தான் தெரியும். பின்னால் உள்ள ஜம்பரை மாற்றிச் சொருகினால் 99 என்றும் காட்டும். அசெம்பிள் செய்தவர் டர்போ ஒயரை மாற்றிச் சொருகியிருந்தார். பொத்தானை அழுத்தி வைத்திருந்த வரை மிஷின் தூங்கியது. ஒயரைப் பிடுங்கிச் சரியாகச் சொருகியதோடு வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு கடலூரிலும் சிதம்பரத்திலுமாக நான் பார்த்த இந்த வகைக் கேஸ்களில், அதாவது எல்லாம் நல்ல பாகம், ஆபீஸ் வேலையெல்லாம் ஜோராக நடக்கிறது, கேம் மட்டும் ஓடவில்லை என்று வருகிற கேஸ்களில், பாதிக்கு மேல் இந்த ஜாதிதான். மிஷின் ஏதோ ஒரு காரணத்துக்காகத் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. எங்கள் பக்கத்தில் கடலும் கரண்டும் சேர்ந்து அதை இன்னும் கொஞ்சம் மாற்றின.

விதிவிலக்குகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1999-இல் இன்டெல் 810 என்றொரு சிப்செட் கொண்டுவந்தது. மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் இருக்கும். தனிக் கார்டு போட ஏஜிபி ஸ்லாட்டே இருக்காது. பென்டியம் த்ரீ என்று சொல்லி நல்ல விலைக்கு வாங்கியிருப்பார்கள். அடுத்த வருஷக் கடைசியில் புராஜெக்ட் ஐஜிஐ கேம் வந்தது. பையன் கேட்டான் என்று அப்பா மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார். “பென்டியம்னு சொல்லித்தானே குடுத்தான்?” என்பார். பென்டியம்தான் சார், கார்டு போட இடமில்லை என்று சொன்னால், கடைக்காரனை விட்டுவிட்டு என்னைத்தான் முறைப்பார். இன்னொன்று, உப்பிய கெப்பாசிட்டர். 2000-த்தை ஒட்டிச் சில வருஷங்களில் தைவானில் செய்த கெப்பாசிட்டர்கள் பலவற்றில் உள்ளே இருந்த திரவம் சரியில்லாமல் போய், உலகம் பூராவும் மதர்போர்டுகள் செத்தன. டெல் நிறுவனம் மட்டும் 2005-இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. எங்கள் ஊரில் இதனால் பிழைத்தவர்கள் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள். புராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களில் தலை உப்பியதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் வைப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. மென்னியைப் பிடித்ததுபோல் கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகிற மிஷின் என்றால் அவர்களிடம்தான் அனுப்புவேன்.

இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சம் பெரும்பாலும் மிஷின் எடுத்த முடிவுகள்தான். அவற்றில் எக்ஸ்பி காலத்தில் வந்த ஒன்று எங்கள் தொழிலையே கெடுத்தது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைகள் சேர்ந்து ஆறு ஆகிவிட்டால், விண்டோஸ் எக்ஸ்பி அந்த டிஸ்க்கை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து படிப்படியாகக் கீழே இறக்கும். கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்குத் தள்ளிவிடும். பிஐஓ-வில் ஒவ்வொரு தகவலையும் புராசஸரே கையால் தூக்கிப்போட வேண்டும். வைஸ் சிட்டி கேமில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது புதுத் தெரு வந்தால் படம் நின்று நின்று வரும். காரணம் பெரும்பாலும் மடங்கிப்போன ஒரு பட்டை கேபிள். கேபிளை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஆனால் யாரும் அப்படிச் செய்யவில்லை. ஃபார்மட் போட்டார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் பிழைக் கணக்கு அழிந்து டிஎம்ஏ திரும்பிவிடும், கேம் பறக்கும், கஸ்டமர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். கேபிள் பழைய கேபிள்தானே? கொஞ்ச நாளில் மறுபடியும் ஆறு பிழை, மறுபடியும் ஃபார்மட். ‘வைரஸ் ஏறிடுச்சு’ என்று ஒரு விளக்கம். சிஸ்டம் ஸ்லோ என்றால் ஃபார்மட் என்ற பழக்கம் எங்கள் ஜில்லாவில் வேரூன்றியதற்கு அந்த மடங்கிய கேபிளும் ஒரு காரணம் என்பது என் கட்சி. இன்றைக்கும் கதவைத் தட்டும் பையன்கள் முதலில் கேட்பது, “ஃபார்மட் போட்டா சரியாயிடுமாண்ணே?”

சூட்டுக்கு வருவோம். பென்டியம் ஃபோரில் இன்டெல் ஒரு காவல்காரனை உள்ளேயே வைத்தது. சூடு எல்லையைத் தாண்டினால் புராசஸர் தன் ஓட்டத்தை விட்டு விட்டு நிறுத்தி ஆறிக்கொள்ளும். 2001-இல், ஜெர்மானியர் ஒருவர் தொடங்கிய டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இதழ் ஒரு வீடியோ வெளியிட்டது. குவேக் த்ரீ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்க்கைக் கையால் பிடுங்கினார்கள். ஏஎம்டி ஆத்லான் புகைந்து செத்தது. பென்டியம் ஃபோரில் படம் நத்தை வேகத்துக்கு இறங்கியது, சாகவில்லை. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகம் வந்தது. அந்த வீடியோவை நான் பார்த்தது வெகு நாள் கழித்துத்தான். பார்த்தபோது, இதைத்தானே ஒவ்வொரு சித்திரையிலும் மஞ்சக்குப்பத்தில் பார்க்கிறோம் என்று தோன்றியது.

2004-இல் வந்த 775 சாக்கெட் ஹீட் சிங்க்குக்கு ஸ்குரூ கிடையாது. நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால். போர்டில் உள்ள ஓட்டைக்கு நேராக வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். சில தடவை கழற்றி மாட்டினால் அந்தப் பிளாஸ்டிக்கின் நாக்கு வெளுத்து மடங்கிவிடும். பார்த்தால் நாலு காலும் உட்கார்ந்திருக்கும். விரல் வைத்துத் தூக்கினால் ஒன்று மட்டும் மயிரிழை எழும்பும். அந்த மயிரிழை போதும். டைப் அடிக்கும்போது, படம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் போட்டுப் பத்து நிமிஷம் நன்றாகப் போகும், அப்புறம் திடீரென்று எதுவும் நகராது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் நன்றாகப் போகும். “ஆரம்பத்துல நல்லா இருக்குதா, போகப் போக மந்தமாவுதா?” என்ற கேள்வியை நான் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். இன்றைக்கும் என் முதல் கேள்வி அதுதான். எடுத்த எடுப்பிலேயே ஸ்லோ என்றால் செட்டிங், போகப் போக ஸ்லோ என்றால் சூடு. பத்தில் எட்டு இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

கடலூருக்கென்றே ஒரு நோய் உண்டு. தேவனாம்பட்டினத்துப் பக்கம், பழைய டவுன் பக்கம் ஒரு கேபினட்டைத் திறந்தால் ஊர் எதுவென்று சொல்லிவிடலாம். ஸ்குரூவெல்லாம் துரு, ஹீட் சிங்க்கின் அலுமினிய இதழ்களில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். ரேம் கழன்று ‘பீப்’ அடித்தால் பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்துப் போடுவது இந்தியா முழுக்கத் தெரிந்த வைத்தியம். ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் உப்பு படிந்தால் ‘பீப்’ வராது, படமும் போகாது. கார்டும் போர்டும் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் எத்தனை லேனில் பேசலாம் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும். பதினாறில் சிலதில் தொடர்பு சரியில்லை என்றால் எட்டுக்கோ நாலுக்கோ ஒன்றுக்கோ இறங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வேலையைத் தொடரும். டெம்பரேச்சர் சரி, டிரைவர் சரி, வைரஸ் இல்லை, கேம் மட்டும் திக்கும். ஜிபியு-இசட் என்ற சின்ன புரோகிராமைத் திறந்து, கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தைப் பார்த்தால் 16 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருக்கும். சும்மா இருக்கும்போது பார்த்து ஏமாறக் கூடாது. மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு அப்போது வேறு விதமாகக் காட்டும். கார்டைக் கழற்றி, பல்லை ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டை புளோயரால் ஊதி மாட்டினால் 16. கடற்கரைத் தெரு ஒன்றில், கார்டு பழசாகிவிட்டது என்று புதுக் கார்டுக்குப் பணம் எடுத்து வைத்திருந்த வீட்டில் இரண்டு ரூபாய் ரப்பரால் வேலை முடிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ரப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கடையிலயே கிடைக்குமே தம்பி” என்றார்.

பிறகு கரண்ட். கேபினட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். உள்ளே செம்பு இல்லாத எடை. என்விடியா கார்டுகளில் ஒரு காலத்தில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும்: போதுமான மின்சாரம் வரவில்லை, சேதம் வராமலிருக்க வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்று. இதைவிடத் தெளிவாக ஒரு மிஷின் எப்படிச் சொல்லும்? பையன்கள் படிக்காமல் ஓகே அழுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கார்டின் முதுகில் தனியாகச் சொருக வேண்டிய ஆறு பின் ஒயர் சொருகாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போயின. கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதோடு விடவில்லை. 2012-இல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போனது. நெய்வேலி மின் நிலையத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் மெழுகுவத்தி வாங்கியது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. ஃபேன், லைட், டிவியைத் தாங்குகிற இன்வெர்ட்டர், கேம் போட்டதும் கார்டு இழுக்கும் கரண்டைத் தாங்காமல் கத்திவிட்டு ஆஃப் ஆகும். அந்த வருஷங்களில் கேமுக்காக நான் சொன்ன மருந்தெல்லாம் கேமின் குவாலிட்டியைக் குறைத்து வையுங்கள், எஃப்பிஎஸ்ஸை 30-இல் பூட்டுங்கள் என்பதுதான். ஊருக்கே கரண்ட் இல்லாதபோது ஒரு வீட்டில் நிழலும் பிரதிபலிப்பும் எதற்கு என்ற எரிச்சலும் எனக்கு இருந்தது, மறைப்பதற்கில்லை.

சிதம்பரம் வேறு உலகம். வெள்ளாற்றைத் தாண்டினால் நோய் மாறிவிடும். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி அண்ணாமலைநகரில் வாடகை அறைகள்; பீகாரிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இன்ஜினியரிங் பையன்கள் ரயிலில் மானிட்டரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான்கைந்து மிஷினை ஒரு ஸ்விட்ச்சில் இணைத்து ராத்திரி பூராவும் கவுன்டர் ஸ்ட்ரைக். என் இந்தியெல்லாம் அங்கே பொறுக்கியதுதான். அங்கே பாகங்கள் எப்போதும் கடலூரைவிடப் புதுசு. மிஷினைத் தாங்களே யூடியூப் பார்த்து அசெம்பிள் செய்பவர்கள். அதனால் சூடும் உப்பும் குறைவு, செட்டிங் கோளாறு அதிகம். 3200 என்று போட்ட ரேம் வாங்கிப் போட்டிருப்பான். பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாததால் அது 2133-இல் பத்திரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டு ரேமைப் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டு ஒற்றைச் சேனலில் ஓட்டுவான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-இல் இருக்கும்.

வேலோரன்ட் வந்த 2020-க்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவர் கூப்பிட்டார். நல்ல கார்டு, நல்ல ரைசன், கேம் மட்டும் 40 எஃப்பிஎஸ். டாஸ்க் மேனேஜரில் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கேபினட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் எச்டிஎம்ஐ ஒயர் கார்டில் இல்லை, மதர்போர்டில் இருந்தது. அவருடைய புராசஸரிலும் கிராபிக்ஸ் இருந்ததால் படம் வந்துவிட்டது. புராசஸரில் கிராபிக்ஸ் இல்லாத மாடலாக இருந்திருந்தால் படமே வராமல் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். ஒயரை நான்கு விரற்கடை கீழே மாற்றிச் சொருகினேன். “அண்ணா, இதை ரெண்டு பேர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார். பேரைச் சொல்லவில்லை.

இப்போது வருகிற கேஸ் தலைகீழ். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையை ஏஎம்டி 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்கிற மாதிரிதான் வடிவமைத்தது. மானிட்டரில் 95 பார்த்துவிட்டுப் பதறி வருகிறார்கள். பேஸ்ட் மாற்று, ஃபேன் மாற்று என்கிறார்கள். கேம் குறைகிறதா என்று ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். பெரும்பாலும் குறைவதில்லை. ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் அந்தச் சூடு ஆளுக்கு ஆகாது. பயாஸில் ஈகோ மோடு இருக்கிறது; 65 வாட்டுக்குக் கட்டிவிட்டால் சூடு நன்றாக இறங்குகிறது, கேமில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் குறைக்கிறீர்கள் என்று பையன்கள் சண்டைக்கு வருகிறார்கள். அப்பாக்கள் கரண்ட் பில்லைக் கேட்டுவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள்.