அண்ணனுக்கு டைப் 1 சுகர்... தங்கைக்கும் வருமா? வீட்டில் ஆட்டோ இம்யூன் நோய் இருந்தால் குழந்தைக்கு எந்த டெஸ்ட் தேவை, எந்தத் தடுப்பூசியில் கவனம் தேவை?

மூத்த பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளில் இருந்தே, பெற்றோரின் கண் சின்னப் பிள்ளை மேல் போய்விடும். "இவளுக்கும் வந்துடுமோ?" என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே பயம். சில வீடுகளில் அந்தப் பயம் வேறு மாதிரி திரும்புகிறது. தடுப்பூசி வேண்டாம், பால் வேண்டாம், கோதுமை வேண்டாம், எதற்கும் இருக்கட்டும் என்று லேப் பேக்கேஜ் ஒன்று எடுத்துவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை வரும்.

இதில் எது தேவை, எது வீண் செலவு, எது ஆபத்து?

வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, உடலின் சொந்த செல்களையே தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். டைப் 1 சர்க்கரை நோயில் தாக்கப்படுவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள். ஹாஷிமோட்டோ என்றால் தைராய்டு. லூபஸ், முடக்குவாதம், சீலியாக், சோரியாசிஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. மேற்கத்திய நாடுகளின் கணக்குப்படி, உடன்பிறந்தவருக்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 20-ல் ஒன்று. அப்பாவுக்கு இருந்தால் சுமார் 17-ல் ஒன்று. அம்மாவுக்கு இருந்து, 25 வயதுக்குப் பிறகு குழந்தை பெற்றிருந்தால் 100-ல் ஒன்றுதான். அதாவது பெரும்பாலான குழந்தைகளுக்கு வராது. இன்னொரு பக்கம், புதிதாக டைப் 1 கண்டுபிடிக்கப்படும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு குடும்பத்தில் யாருக்குமே அந்த நோய் இருப்பதில்லை. "எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே" என்பது பாதுகாப்பு வளையம் இல்லை.

மிஷின் வீட்டிலேயே இருக்கு, ஆனா...

எண்களை விட முக்கியமான விஷயம் இது. டைப் 1 குழந்தைகள் பலர் முதன்முதலில் மருத்துவமனைக்கு வருவதே கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான கட்டத்தில்தான். இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்க, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வாந்தி, வயிற்று வலி, வேக வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழ வாசனை, கடைசியில் மயக்கம். வாந்தியைப் பார்த்து "சாப்பிட்டது சேரல" என்றும், மூச்சு வாங்குவதைப் பார்த்து "வீசிங்" என்றும் நினைத்து நேரத்தை இழப்பவர்கள் உண்டு. தாமதம் உயிரைப் பறிக்கும்.

அதற்கு முன்பே உடல் சொல்லிவிடும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, எப்போதும் சோர்வு. படுக்கையை நனைப்பதை நிறுத்தி ஒரு வருஷம் ஆன குழந்தை திடீரென மறுபடி நனைத்தால் திட்டாமல் யோசிக்க வேண்டும். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பாட்டி சொன்னால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

அண்ணனுக்குத் தினமும் பார்க்கும் குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்கும். அதே மிஷினில், புது ஊசி போட்டு, தங்கைக்கு ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், மாம்பழம் தொட்ட விரலில் ரீடிங் பொய்யாக ஏறும். அறிகுறிகளோடு 200-க்கு மேல் காட்டினால் "நாளைக்குக் காலைல வெறும் வயித்துல பாத்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. வாந்தியும் வேக மூச்சும் சேர்ந்திருந்தால் 108. வீட்டில் இருக்கும் அண்ணனின் இன்சுலினை தாங்களாகவே போட்டுப் பார்க்கவும் கூடாது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கிறதா?

இருக்கிறது. அறிகுறி வருவதற்குப் பல மாதங்கள், ஏன், பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் சில ஆன்டிபாடிகள் தென்படும். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும் குழந்தைகளில் 100-க்கு 70 பேருக்கு பத்து ஆண்டுகளுக்குள் டைப் 1 வருவதாக 2013-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. எல்லாக் குழந்தைகளையும் இப்படிப் பரிசோதிக்க இத்தாலி 2023-ல் சட்டமே போட்டது. கூடவே சீலியாக் நோய்க்கும் பார்க்கிறார்கள்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். முதல் பயன், கீட்டோஅசிடோசிஸ் வரை போகாமல் முதல் நாளிலேயே பிடித்துவிடலாம். இரண்டாவது, நோயைத் தள்ளிப்போடும் மருந்து. டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தது. 14 நாள் தொடர்ந்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஆய்வில் அது நோயைச் சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. ஒரு பள்ளிக் குழந்தைக்கு ஊசி இல்லாத இரண்டு வருஷம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அங்கே அறிவிக்கப்பட்ட விலை சுமார் 1,94,000 டாலர்!

எனவே இந்த டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீடும் குழந்தைகள் நல ஹார்மோன் மருத்துவரிடம் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஒருமுறை நெகட்டிவ் வந்தால் ஆயுசுக்கும் நெகட்டிவ் இல்லை. பாசிட்டிவ் வந்தால், நோயே இல்லாத குழந்தையை நோயாளி போல நடத்தும் மன அழுத்தம் அந்த வீட்டில் குடியேறும். எடுக்காமல், அறிகுறிகளைத் தெரிந்துவைத்து கவனமாக இருப்பதும் நியாயமான முடிவுதான்.

லூபஸுக்கான ஏஎன்ஏ டெஸ்ட் கதையே வேறு. "சித்திக்கு லூபஸ், பொண்ணுக்கும் பாத்துடலாம்" என்று அறிகுறி இல்லாத குழந்தைக்கு எடுப்பது குழப்பத்தை விலைக்கு வாங்குவது. ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கே லேசான பாசிட்டிவ் வரும்.

பால், கோதுமையை நிறுத்தினால் தடுக்கலாமா?

பசும்பால் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த சிறப்புப் பால்மாவு கொடுத்தால் டைப் 1 குறையுமா என்று 15 நாடுகளில், குடும்பத்தில் நோய் உள்ள 2,159 குழந்தைகளிடம் பல ஆண்டுகள் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: குறையவில்லை.

கோதுமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குடும்பத்தில் யாருக்காவது சீலியாக் இருந்து குழந்தைக்கும் சந்தேகம் என்றால், ரத்தப் பரிசோதனைக்கு முன் சப்பாத்தி, ரவை, பிரெட்டை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் டெஸ்ட் நார்மல் என்று காட்டலாம்.

தடுப்பூசி: பயப்பட வேண்டாத இடமும், கட்டாயம் சொல்ல வேண்டிய இடமும்

தடுப்பூசி டைப் 1-ஐத் தூண்டுமா? டென்மார்க்கில் 1990 முதல் 2000 வரை பிறந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்பு இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ டைப் 1 இருந்த குழந்தைகளைத் தனியாகப் பார்த்தபோதும் தொடர்பு இல்லை. குடும்பத்தில் ஆட்டோ இம்யூன் நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே கிடையாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது நம் ஊரில் ரொம்ப முக்கியம். முடக்குவாதம், குடல் அழற்சி போன்ற நோய்களுக்கு அம்மா கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் போட்டிருந்தால், அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சில மாதங்கள் ரத்தத்தில் தங்கும். முக்கியமாகக் கர்ப்பத்தின் பிற்பாதியில் போட்டிருந்தால். அந்த நேரத்தில் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த பிசிஜி ஊசி ஆபத்தாகலாம். பிரிட்டனில் அப்படி ஒரு குழந்தை பிசிஜிக்குப் பிறகு இறந்தது 2010-ல் மருத்துவ இதழில் பதிவானது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு பிசிஜியைக் குறைந்தது ஆறு மாதம், சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதலாகத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் பிசிஜி போடுவது பிறந்த உடனே, டிஸ்சார்ஜுக்கு முன். போலியோ சொட்டு மருந்தும் அப்போதே. ஆறாவது வாரம் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து. மூட்டு டாக்டர் ஒரு மருத்துவமனையில், பிரசவம் வேறு மருத்துவமனையில், ஊசி போடும் நர்ஸுக்கு இந்த மருந்துக் கதையே தெரியாது. சொல்ல வேண்டியது குடும்பம்தான். மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி, குழந்தைகள் நல மருத்துவரிடம் பிரசவத்துக்கு முன்பே காட்டிவிட வேண்டும். இதற்குப் பயந்து கர்ப்பிணி தானாக ஊசியை நிறுத்தவும் கூடாது, நோய் திடீரென முற்றினால் அது குழந்தைக்கும் ஆபத்து.

பிறந்த உடன் போடும் ஹெபடைடிஸ் பி, ஆறாவது வாரம் தொடங்கும் பென்டாவேலன்ட் ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றை இந்தக் குழந்தைகளுக்கும் அட்டையில் உள்ள தேதியிலேயே போட்டுவிடலாம்.