கம்பெனிப் பணமும் கட்சி நிதியும்: ஒரு கடிதத்தின் கதை

தேர்தல் நெருங்கிவிட்டால் எங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். மளிகைக் கடைக்காரர் யாரையும் பகைத்துக் கொள்ளாமல் எல்லோருக்கும் கொடுப்பார். அது அவருடைய பணம், கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் கட்சிக்குப் பணம் கொடுத்தால் அது யாருடைய பணம்? இந்தக் கேள்வி நம் நாட்டு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது.

1957-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள விரும்பியது. அப்போதிருந்த சட்டப்படி அதற்கு நீதிமன்ற ஒப்புதல் தேவை. பங்குதாரர் ஒருவர் எதிர்த்து நின்றார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அமர்வு, சட்டத்தில் தடை இல்லாததால் அனுமதி கொடுத்தது. ஆனால் மனமில்லாமல்தான்! இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஒருநாள் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும் என்று எச்சரித்து, பாராளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் தீர்ப்பிலேயே சொன்னார்கள்.

பாராளுமன்றமும் கவனித்தது. 1960-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. நன்கொடைக்கு ஓர் உச்சவரம்பு வந்தது. கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1959-ல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கியிருந்தார். 1962 பொதுத்தேர்தலுக்கு முந்தைய ஆண்டு, ஜே.ஆர்.டி. டாடா பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காங்கிரஸுக்குக் கொடுப்போம், ஆனால் நாட்டுக்குப் பொறுப்பான எதிர்க்கட்சியும் தேவை என்பதால் சுதந்திரா கட்சிக்கும் கொடுக்கப் போகிறோம் என்பதே அதன் சாரம். நேருவும் கோபப்படவில்லை. உதவுவது உங்கள் விருப்பம், ஆனால் அந்தக் கட்சி வலுவான எதிர்க்கட்சியாகும் என்ற உங்கள் நம்பிக்கை தவறு என்று பதில் எழுதினார். ஆட்சியில் இருப்பவரிடமே, உங்கள் எதிரிக்கும் பணம் தரப் போகிறேன் என்று ஒரு தொழிலதிபர் எழுத்தில் சொன்னார் என்பதை இன்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா?

சுதந்திரா கட்சி 1962-ல் மக்களவையில் 18 இடங்களைப் பிடித்தது. 1967-ல் அது 44 ஆனது. 1969-ல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை முற்றிலும் தடை செய்தது. பெருமுதலாளிகளின் பிடியிலிருந்து அரசியலை விடுவிக்க என்றார்கள் சிலர். எதிர்க்கட்சிகளின் வருமானத்தை அடைக்க என்றார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும் பணம் நிற்கவில்லை. தேர்தல் செலவுக்கு மாற்று வழி எதையும் சட்டம் காட்டவில்லையே! கட்சிகளின் சிறப்பு மலர்களில் விளம்பரமாகவும், கறுப்புப் பணமாகவும் அது வந்துகொண்டிருந்தது. முன் வாசலை மூடியதும் கொல்லைப்புறம் திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

1985-ல் தடை நீங்கியது. சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை கொடுக்கலாம், கணக்கில் காட்ட வேண்டும் என்றார்கள். 2013 சட்டம் அதை 7.5 சதவீதமாக்கியது. 2017-ல் அந்த வரம்பும் போனது, எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் சொல்ல வேண்டிய கட்டாயமும் போனது. 2018-ல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமலே போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் திட்டம் வாக்காளரின் அறியும் உரிமையைப் பறிக்கிறது என்று ரத்து செய்தது. அடுத்த மாதம் வெளியான பட்டியலில், ஒரே நிறுவனம் பல கட்சிகளுக்குக் கொடுத்த கதைகளும் இருந்தன.

ஜே.ஆர்.டி. டாடாவும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்குத்தானே கொடுத்தார்? ஆம். ஆனால் அவர் சொல்லிவிட்டுக் கொடுத்தார். பங்குதாரருக்கும் வாக்காளருக்கும் தெரிந்து கொடுப்பது நன்கொடை. தெரியாமல் கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.