வண்டியில் ஒருவர், அருவியில் யாருமில்லை

காட்டைத் திரையில் பார்த்தாலே மனம் ஆறிவிடும் என்பவர்கள் ஒரு சோதனையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்து, 2008இல் வெளியிட்டது. மனதுக்குச் சற்று அழுத்தம் தரும் வேலையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் இதயத் துடிப்பு எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்று அளந்தார்கள். சிலர் மரங்களும் நீரூற்றும் தெரியும் கண்ணாடிச் சன்னல் அருகே இருந்தார்கள். சிலருக்கு அதே காட்சி பிளாஸ்மா திரையில் நேரலையாக வந்தது. மற்றவர்களுக்கு வெறும் சுவர். சன்னல் அருகே இருந்தவர்களுக்குத் துடிப்பு விரைவாகத் தணிந்தது. திரையின் முன் இருந்தவர்களுக்கோ, சுவரின் முன் இருந்தவர்களைவிட எந்த மேன்மையும் இல்லை.

அப்படியானால் வீட்டிலிருந்தபடி ஆப்பிரிக்கச் சிறுத்தையையும் அலாஸ்கா கரடியையும் நேரலையில் பார்த்து ஆறுதல் அடைகிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்களா? அப்படி நான் நினைக்கவில்லை. அந்த ஆறுதல் பசுமையிலிருந்து வருவதில்லை, அவ்வளவுதான். சோதனைக்கூடத்துத் திரையில் மரம் இருந்தது, தண்ணீர் இருந்தது. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வனவிலங்கு நேரலை என்பது பெரும்பாலும் காத்திருப்புத்தான். அந்தக் காத்திருப்பை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் பெயர்பெற்ற இரண்டு நேரலைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கின்றன.

முதலாவது, தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் பகுதியில், ஜூமா என்ற தனியார் காப்பகத்திலிருந்து வைல்ட்எர்த் நிறுவனம் ஒளிபரப்பிப் புகழ்பெற்ற சஃபாரி. திறந்த வண்டியை வழிகாட்டி ஓட்டுவார், பின்னால் காமிராக்காரர். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். பார்ப்பவர்கள் எழுதியனுப்பும் கேள்விகள் காதில் மாட்டிய கருவி வழியே வழிகாட்டிக்குப் போகும். கேட்டவரின் பெயரைச் சொல்லி அவர் பதில் தருவார். தென்னாப்பிரிக்கக் கடிகாரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், அவர்களுடைய மாலைச் சஃபாரி நமக்கு இரவுச் சாப்பாட்டு வேளை.

அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு ஒரு வழக்கமான அரைமணி நேரத்தைச் சொல்லலாம். மணல் பாதையில் சிறுத்தையின் காலடி. ஓரங்கள் சரியவில்லை, மேலே வேறு தடம் விழவில்லை, புதியது. வழிகாட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறார். எங்கோ ஓர் அணில் விடாமல் கத்துகிறது, இம்பாலா மான் மூக்கால் சீறுகிறது. அந்தப் பக்கம் வண்டி திரும்புகிறது. புதருக்குள் போய் வந்தும் ஒன்றுமில்லை. உடனே பேச்சு கரையான் புற்றுக்குப் போகும், மரூலா மரத்துக்குப் போகும், சாணி உருட்டும் வண்டு பால்வீதியின் ஒளியை வைத்துத் திசை பிடிப்பதைப் பற்றிப் போகும் (கதையல்ல, 2013இல் ஆய்வாளர்கள் காட்டிய உண்மை). சிறுத்தை கடைசிவரை வராமலும் போகலாம். ஆனால் அந்த வெறுமை பார்ப்பவரின் தலையில் விழுவதில்லை. காத்திருக்கிற வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, அலுக்காமல், நம்மிடம் பேசிக்கொண்டே செய்கிறார்.

2020 மார்ச் இறுதியில் தென்னாப்பிரிக்காவும் ஊரடங்கில் மூடப்பட்டது. காட்டு விடுதிகள் வெறிச்சோடின. முகாமிலேயே தங்கிவிட்ட வழிகாட்டிகள் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபடியே இருந்தார்கள். ங்காலா, பிண்டா காப்பகங்களிலிருந்தும் ஒளிபரப்பு வந்தது. பார்ப்பவர் கூட்டம் பெருகியதில் வியப்பில்லை. நாளுக்கு இரண்டு முறை, சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்து “வணக்கம்” சொல்கிறார் என்பது அந்த மாதங்களில் சிறிய விஷயமல்ல. தனியாக இருந்தவர்களுக்குத் தங்கள் பெயரை ஒரு மனிதக் குரல் உச்சரிப்பதைக் கேட்பது, சிங்கத்தைப் பார்ப்பதற்குக் குறைவான ஈர்ப்பாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது இடத்தில் குரலே கிடையாது, அல்லது ஏறக்குறைய கிடையாது. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் ஆறு இரண்டரைக் கிலோமீட்டர்கூட ஓடாது. இரண்டு ஏரிகளை இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. நடுவில் ஆளுயர அருவி. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஏறிவரும் சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பழுப்புக் கரடிகளுக்கு அது தெரியும். எக்ஸ்ப்ளோர் நிறுவனம் 2012இல் அங்கே காமிராக்களைப் பொருத்தியது. ஜூலையில் மீன் வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஒரே நேரத்தில் இருபது கரடிகளுக்கு மேல் நிற்பதும் உண்டு. பூங்கா வனக் காவலர்கள் அவ்வப்போது வந்து விளக்கம் சொல்வார்கள். மற்ற நேரமெல்லாம் தண்ணீரின் இரைச்சலும் கடற்காகங்களின் கூச்சலும்தான். கரடி வாயைத் திறந்துகொண்டு அருவியின் விளிம்பில் நிற்கும். மீன் குதிக்கும், தப்பும். மறுபடி நிற்கும். என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட ஆளில்லை. காத்திருக்கிற வேலை முழுவதும் நம்முடையது.

முதல் முறை பார்ப்பவருக்கு இது சலிக்கும். சலிப்பைத் தாண்டி வருகிறவருக்குக் கிடைப்பது வேறு வகை: அறிமுகம். கரடிகளுக்கு அங்கே எண்கள் உண்டு. 480ஆம் எண் கரடியை எல்லோரும் ஓட்டிஸ் என்பார்கள். பற்கள் தேய்ந்த முதிய ஆண். மற்றவை பாய்ந்து பிடிக்கும்போது இது ஓரிடத்தில் உட்கார்ந்து மீன் தன்னிடம் வரும்வரை பார்த்திருக்கும். அந்த இடத்துக்கு ரசிகர்கள் “ஓட்டிஸின் அலுவலகம்” என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும், வந்துவிட்டதா என்று தேடுவார்கள். 2021இல் ஜூலை முடியப் போகிற நேரத்தில் மெலிந்துபோய் வந்தது. இலையுதிர் காலத்தில், பார்வையாளர்கள் வாக்களிக்கும் பருத்த கரடி வாரப் போட்டியில் நான்காம் முறையாக வென்றது. 2024இல் வரவில்லை.

சாபி சாண்டிலும் இப்படிப்பட்ட உறவுகள் உண்டு. கருலா என்ற பெண் சிறுத்தையின் வாழ்க்கையைப் பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2017இல் அது காணாமல் போனபோது, அதன் கடைசி ஈற்றுக் குட்டி ஹொசானா தாயின்றி எப்படிப் பிழைக்கப் போகிறது என்பதே பலருக்கு அன்றாடக் கவலையானது. ஆனால் கருலாவை நமக்குச் சொன்னது வழிகாட்டியின் வாய். முகத்துப் புள்ளிகளை எண்ணிக் காட்டி, தாய் வழியைச் சொல்லி, எந்த மேட்டில் ஈன்றது என்று நினைவுபடுத்தினார். ஓட்டிஸை நாமாகவே அடையாளம் கண்டோம், அல்லது அப்படி ஒரு நினைப்பாவது கிடைத்தது. இது சிறிய வேறுபாடு அல்ல. கேட்டுத் தெரிந்துகொண்ட உறவு உடனே இனிக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகியது தாமதமாக வருகிறது, பிறகு எளிதில் போவதில்லை. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் அருவிக்கரையை நான் முழுதாக மெச்சவில்லை. 2014இல் ஒரு நாள் வேடிக்கையாகத் தொடங்கிய அந்தப் பருத்த கரடிப் போட்டி, இன்று பத்து லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழும் தேர்தலாக வளர்ந்துவிட்டது. உறக்கக் காலத்துக்கு முன் எந்தக் கரடி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல பாடம்: குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை கரையும், கொழுப்பே உயிர். அது எங்கே போய் நின்றது பாருங்கள். 2024 ஜூலையில் 128ஆம் எண் கிரேசரின் குட்டி அருவியில் அடித்துச் செல்லப்பட்டு, 32ஆம் எண் ஆண் கரடியான சங்கின் தாக்குதலில் இறந்தது. அக்டோபர் இறுதிச் சுற்றில் இந்த இரண்டுமே மோத நேர்ந்தது, கிரேசர் வென்றது. எடையைப் பார்த்து எத்தனை பேர் வாக்களித்தார்கள், பழிதீர்க்க எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லை. பேச்சில்லாத இடத்தில் மனிதர்களே கதை கட்டிக்கொள்கிறார்கள். வழிகாட்டி இருந்திருந்தால் அதட்டியிருப்பார்.

சாவு வரும்போதும் இந்த வேறுபாடு தெரியும். வண்டியில் இருப்பவர் வேட்டையை முன்கூட்டியே மோப்பம் பிடித்து எச்சரிக்கலாம், சொல்லிச் சொல்லி நம்மைத் தாங்கிக்கொள்ள வைக்கலாம். புரூக்ஸ் ஆற்றில் 2024 செப்டம்பர் 30 அன்று 469ஆம் எண் ஆண் கரடி, 402ஆம் எண் பெண் கரடியைக் கொன்றது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அன்று வெளியாக வேண்டிய போட்டிப் பட்டியல் ஒரு நாள் தள்ளிப் போயிற்று.

ஆளில்லாக் காமிரா என்றால் யாரும் இல்லை என்று பொருளல்ல. 2023 செப்டம்பரில், புரூக்ஸ் முகாமுக்கு மேலே டம்ப்ளிங் மலையில் பொருத்தியிருந்த காமிராவின் முன், மழையிலும் மூடுபனியிலும் தவித்த ஒரு மலையேறி வந்து நின்று உதவி கேட்டார். காட்சிகள் வெறும் மூட்டமாக இருந்தும் எங்கெங்கோ வீடுகளில் சிலர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தகவல் கொடுக்க, வனக் காவலர்கள் போய் மீட்டு வந்தார்கள். கரடியே இல்லாத, எதுவுமே தெரியாத ஒரு மலைச்சரிவை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு அந்த மீட்பைவிட வியப்பானது.

வைல்ட்எர்த்தைத் தொடங்கிய கிரஹாம் வாலிங்டன், 1998இல் ஆஃப்ரிகேம் தளத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அங்கே நீர்நிலையைப் பார்த்த ஆளில்லாக் காமிரா மட்டும். படம் அவ்வப்போது மாறும். பிறகுதான் அவர் வண்டியில் மனிதரை ஏற்றினார். அதை வளர்ச்சி என்று பலர் சொல்லக்கூடும். அருவிக்கரைக் கூட்டத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இரண்டு பசிகள் இருந்திருக்கின்றன.

சஃபாரிக்குப் பருவம் கிடையாது. காட்டில் மாலை வந்தால் வண்டி புறப்படும். அருவிக்கோ கடிகாரம் இல்லை, பஞ்சாங்கம் மட்டும் உண்டு. ஜூன் கடைசியில் நேரலை தொடங்கும், இலையுதிர் காலம் முடிகையில் கரடிகள் குகை தேடிப் போய்விடும். குளிர்காலம் முழுவதும் அந்தத் தளத்தில் பழைய பதிவுகளே திரும்பத் திரும்ப ஓடும். படம் துல்லியம், கரடிகளும் அதே கரடிகள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. இந்த மீன் தப்பிவிட்டதா என்பது ஏற்கெனவே யாருக்கோ தெரியும்.