வறண்ட கண்ணுக்கு ஒளி மருந்தான கதை

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது. மருத்துவரோ, "உங்கள் கண் வறண்டிருக்கிறது" என்கிறார். இதை நீங்கள் நம்புவீர்களா? கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள கொட்டாரம் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கண் எரிச்சலும் நீர் வடிதலும் புதியன அல்ல. ஆனால், காற்று ஓய்ந்த பின்னும் அவை நீடித்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

நம் விழியின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் பரவியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நீர். விழியோடு அதை ஒட்ட வைப்பது ஒருவகைச் சளிப்பொருள். எல்லாவற்றிற்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய் ஏடு. இந்த ஏடு குறைந்தால் நீர் விரைவில் ஆவியாகிவிடும். விழி உறுத்தும், உடனே கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாத அந்த நீர் விழியில் தங்காது, கன்னத்தில் வழிந்தோடிவிடும். நீர் வடியும் கண் வறண்ட கண்ணாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில் வரிசையாக அமைந்த சுரப்பிகள். 1666-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மீபோம் இவற்றை விரிவாக விளக்கினார். அதனால் இவை மீபோமியன் சுரப்பிகள் எனப் பெயர் பெற்றன.

1903-ஆம் ஆண்டில் நம் கதைக்கு உரிய இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. கண்ணீரின் அளவை வடிதாள் துண்டு ஒன்றினால் அளக்கும் முறையை ஓட்டோ ஷிர்மர் வெளியிட்டார். அதே ஆண்டில், தோலைத் தாக்கும் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு பெற்றார். ஒளியும் மருந்தாகும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இவ்விரு வழிகளும் ஒன்று சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை தாமதம்? ஷிர்மரின் தாள் நீரை அளந்ததே தவிர எண்ணெயை அளக்கவில்லை. ஆகவே நீர்க் குறைவே நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. எண்ணெய்ச் சுரப்பிகளின் கோளாறு 1980-இல் கார்ப், என்ரிக்கெஸ் என்னும் இருவரின் ஆய்வுக்குப் பின்னரே தனிக் கவனம் பெற்றது.

இதற்கிடையே, தோல் மருத்துவத்தில் செனான் விளக்கின் பலத்த ஒளியை நொடிப்பொழுதுத் துடிப்புகளாகப் பாய்ச்சும் கருவி 1990-களில் பரவியது. முகம் சிவக்கும் ரோசேசியா நோய்க்கு அதைப் பயன்படுத்திய அமெரிக்கக் கண் மருத்துவர் ரோலாண்டோ டோயோஸ், அந்நோயாளிகளின் கண் வறட்சியும் குறைந்ததைக் கவனித்தார். தம் நோயாளிகளின் மூன்றாண்டு அனுபவத்தை அவர் 2015-இல் வெளியிட்டார்.

ஒளி இங்கே செய்வது என்ன? கண்களை மூடி மறைத்துவிட்டு, இமைக்குக் கீழே கன்னத்தின் மேற்பகுதியில் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அங்கே புடைத்திருக்கும் நுண்குழாய்களின் இரத்தம் ஒளியை ஏற்று வெப்பமாக்குகிறது. குழாய்கள் சுருங்கி மூடுகின்றன. இமையின் அழற்சி தணிகிறது என்பது முதன்மையான விளக்கம். பிறகு இமையை அழுத்தி, இறுகிய எண்ணெயை வெளியேற்றுகிறார்கள். சில வார இடைவெளியில் இதைப் பலமுறை செய்ய வேண்டும்.

இனி, நம்மை நேராகத் தொடும் செய்தி ஒன்று. ஒளியை ஏற்பது இரத்தம் மட்டுமன்று; தோலின் கருநிறமியான மெலனினும் ஏற்கும். நிறமி மிகுந்த தோலில் சூட்டுப் புண்ணும் நிற மாற்றமும் ஏற்படக்கூடும். ஒளிக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்பதைக் கொண்டு தோலை ஆறு வகையாகப் பிரிப்பர். 2021-இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கென ஒரு கருவியை அனுமதித்தபோது, முதல் நான்கு வகையினருக்கு மட்டுமே அனுமதித்தது. அதுவும் வெந்நீர் ஒத்தடம், சொட்டு மருந்து போன்றவற்றுக்குத் துணையாக மட்டுமே. நம்மில் பலர் ஐந்தாம் வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

சான்றுகளையும் சீர்தூக்கிப் பாருங்கள். 2020-இல் காக்ரேன் மதிப்பாய்வு தகுதியுடையவை எனக் கண்ட ஆய்வுகள் மூன்றே. அவற்றில் பங்கு கொண்டவர்கள் 114 பேரே. உறுதியான முடிவுக்கு அவை போதா என்றது அந்த மதிப்பாய்வு. அதன் பின்னும் ஆய்வுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

வறட்சி எல்லாம் ஒரே வறட்சி அன்று. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண் வறண்டு பார்வை பறிபோவதைத் தடுக்க 1970-இல் இந்திய அரசு தனித் திட்டமே தொடங்கியது. அந்த வறட்சிக்கு மருந்து வைட்டமினும் கீரையும் பழமுமே, ஒளி அன்று. ஆகவே பெருஞ்செலவுள்ள ஒளிச் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எனக்குக் குறைவது நீரா, எண்ணெயா? என் தோலுக்கு இந்த ஒளி ஏற்றதா? எளிய ஒத்தடத்தை முறையாகச் செய்து பார்த்தோமா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு முடிவு செய்யுங்கள்.